ஜப்பானில் கரடி எதிர்ப்பட்டால் என்ன செய்வது? பாட்டி கதையில் பாதிதான் சரி

"ஜூன் லீவுக்கு ஜப்பான் டிக்கெட் எடுத்துட்டோம். அங்க கரடித் தொல்லையாமே, போகலாமா?"

கடந்த சில மாதங்களில் இந்தக் கேள்வியை உறவினர்களிடமிருந்து மட்டும் நான்கைந்து முறை கேட்டுவிட்டேன். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு டிசம்பரிலும் ஜப்பானியர்கள் அந்த ஆண்டை உணர்த்தும் ஓர் எழுத்தை வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். கியோட்டோவின் கியோமிசு கோயிலில் தலைமைத் துறவி அதைப் பெரிய தூரிகையால் எழுதிக் காட்டுவார். 2025ஆம் ஆண்டுக்கு வந்த எழுத்து: கரடி.

போகலாமா என்ற கேள்விக்குப் பதில் சுலபம். போகலாம். அதற்கு அடுத்து வரும் கேள்விதான் சிக்கல். "கரடி வந்தா செத்த மாதிரி படுத்துக்கணும், அப்படித்தானே?"

சிறு வயதில் நாம் எல்லாரும் கேட்ட கதை அது. இரண்டு நண்பர்கள் காட்டு வழியே போகிறார்கள். கரடி வருகிறது. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்கிறான். மரமேறத் தெரியாத மற்றவன் மூச்சை அடக்கிக்கொண்டு பிணம்போல் படுக்கிறான். கரடி காதருகே முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. கதை நட்பைப் பற்றியது. ஆனால் நம்மில் பலருக்குக் கரடியைப் பற்றி இருக்கும் மொத்த அறிவும் அந்தக் கதையிலிருந்து வந்ததுதான். அதில் எது சரி, எது ஆபத்து என்று தெரிந்துகொண்டு விமானம் ஏறுவது நல்லது.

முதலில் நிலவரம்

ஜப்பானில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். 2023 நிதியாண்டில் கரடி தாக்கி 219 பேர் பாதிக்கப்பட்டார்கள், 6 பேர் மாண்டார்கள். அப்போது அதுவே பெரிய எண்ணிக்கை. 2025இல் ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான எட்டே மாதங்களில் 230 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 13 பேர் உயிரிழந்தனர். முன்பு எந்த ஆண்டிலும் இத்தனை பேர் மாண்டதில்லை.

எண்ணிக்கையைவிட, எங்கே நடந்தது என்பதுதான் மக்களை அதிரவைத்தது. ஜூலையில் இவாத்தே வட்டாரத்தின் கிட்டகாமி நகரில் 81 வயது மூதாட்டி சொந்த வீட்டுக்குள் மாண்டுகிடந்தார். அதே மாதம் ஹொக்கைடோவில் விடியற்காலையில் நாளிதழ் போட்டுக்கொண்டிருந்தவர் கொல்லப்பட்டார். அக்டோபரில் குன்மா வட்டாரத்தின் நுமாத்தா நகரில் பேரங்காடிக்குள் கரடி புகுந்து இருவரைக் காயப்படுத்தியது. கிட்டகாமியில் வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றின் வெளிப்புறக் குளியல் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த ஊழியர் காணாமல்போனார். அடுத்த நாள் அருகிலிருந்த காட்டில் அவரது உடல் கிடைத்தது. மொரியோக்கா நகரில் ஒரு வங்கியின் கார் நிறுத்துமிடத்துக்குள்கூடக் கரடி நுழைந்தது.

நம்மவர்கள் அதிகம் போகும் இடத்திலும் ஒன்று நடந்தது. கூரை வேய்ந்த பழைய வீடுகளுக்குப் பெயர்போன ஷிராக்காவா-கோ கிராமத்தில், அக்டோபர் 5ஆம் தேதி, பேருந்து நிறுத்தத்தின் அருகே ஸ்பெயினிலிருந்து வந்த சுற்றுப்பயணியைக் கரடி தாக்கியது. கையில் லேசான காயம். நல்ல வேளையாக அது சிறிய கரடி.

நவம்பரில் அகிதா வட்டாரத்துக்கு ராணுவத்தை அனுப்பினார்கள். வீரர்கள் கரடியைச் சுடப் போகவில்லை. பொறிக்கூண்டுகளைச் சுமப்பது, வேட்டைக்காரர்களை ஏற்றிச் செல்வது போன்ற வேலைகளுக்குத்தான் போனார்கள். ஆனாலும் கரடிக்காக ராணுவம் என்பது சாதாரணச் செய்தி இல்லை.

எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

பயணத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படியுங்கள்.

ஜப்பானில் இரண்டு வகைக் கரடிகள் உண்டு. வடக்கே ஹொக்கைடோ தீவில் பழுப்புக் கரடி. வளர்ந்த ஆண் கரடி 400 கிலோவரைகூட எட்டும். சுமார் 12,000 இருப்பதாக அரசாங்கம் கணக்கிட்டிருக்கிறது. டோக்கியோ, ஒசாக்கா எல்லாம் இருக்கும் பெரிய தீவான ஹொன்ஷுவில் ஆசியக் கறுப்புக் கரடி. நெஞ்சில் பிறைபோல் வெள்ளைக் கோடு இருக்கும். பழுப்புக் கரடியைவிடச் சிறியது. பெரும்பாலும் 100 கிலோவுக்கு உள்ளேதான். அதன் எண்ணிக்கை 42,000க்கும் மேல்.

கியுஷுவில் காட்டுக் கரடி அழிந்துபோய்விட்டது. ஒக்கினாவாவில் கிடையாது. ஷிக்கோக்குவில் ஏறக்குறைய 20தான் மிச்சம். அதாவது ஃபுக்குவோக்கா, ஒக்கினாவா பயணம் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். டோக்கியோ டிஸ்னிலேண்ட், ஒசாக்காவின் யூனிவர்சல், நாராவின் மான் பூங்கா என்று சுற்றும் குடும்பத்துக்கும் கவலை குறைவு. நாராவில் மான் உங்கள் கையிலிருக்கும் பிஸ்கட்டைப் பிடுங்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கவனம் வேண்டியது வடகிழக்கில். 2025இல் மாண்ட 13 பேரில் 9 பேர் இவாத்தே, அகிதா ஆகிய இரண்டே வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள். ஹொக்கைடோவின் ஷிரெத்தோக்கோ, மத்திய மலைப்பகுதியில் கமிகோச்சி, ஷிராக்காவா-கோ சுற்றுவட்டாரம் போன்றவையும் கரடி வாழும் இடங்கள்தான். டோக்கியோ என்றால் கட்டடக் காடு என்று நினைப்போம். ஆனால் அதன் மேற்கு மூலையில் உள்ள ஒக்குத்தாமா மலையிலும் கரடி உண்டு. 2025 ஆகஸ்ட்டில் அங்கே மீன் பிடிக்கப் போனவர் முகத்தில் காயப்பட்டார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தாக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். காளான் பறிக்கக் காட்டுக்குப் போனவர்கள், தோட்டத்தில் வேலை செய்தவர்கள், வீட்டு வாசலில் நின்ற முதியவர்கள். ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் வந்துபோகும் சுற்றுப்பயணிகளில் கரடியைக் கண்ணால் பார்ப்பவர்களே மிகச் சிலர்.

கரடி ஏன் ஊருக்குள் வருகிறது?

உடனடிக் காரணம் பசி. மலையில் பீச் மரக் கொட்டைகளும் ஓக் மரக் கொட்டைகளும் இலையுதிர்காலத்தில் கரடிக்குச் சோறு. குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் அதைத் தின்றுதான் கொழுப்பேற்றிக்கொள்ளும். பீச் மரம் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. 2023இலும் 2025இலும் வடகிழக்கில் காய்ப்பு மோசம். மேலே சாப்பாடு இல்லையென்றால் கீழே இறங்கும். அவ்வளவுதான்.

ஆனால் பசி மட்டுமே காரணம் என்றால் அந்தக் காலத்துக் கரடிகளும் இப்படி ஊருக்குள் வந்திருக்க வேண்டுமே? முன்பு மலைக்கும் ஊருக்கும் நடுவில் வயல், விறகுக்காடு, ஆள் நடமாட்டம் என்று ஒரு பட்டை இருந்தது. கரடி அதைத் தாண்டத் தயங்கியது. இப்போது கிராமத்து இளையர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். வயல் புதராகிவிட்டது. பூட்டிக்கிடக்கும் வீட்டின் பின்னால் பெர்சிமன் மரம் மட்டும் ஆண்டுதோறும் காய்த்துத் தொங்குகிறது. பறிக்க ஆளில்லை. கரடிக்கு அது இலவச விருந்து. அந்தப் பட்டை புதரானபின், காட்டின் விளிம்பு வீட்டுச் சுவருக்கே வந்துவிட்டது.

வேட்டைக்காரர்களும் குறைந்துவிட்டார்கள். 1970களில் வேட்டை உரிமம் வைத்திருந்தவர்கள் 5 லட்சம் பேர். இன்று சுமார் 2 லட்சம். அவர்களில் பாதிக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். 2024இல் ஹொக்கைடோவின் நாயே என்ற சிற்றூர் கரடி பிடிக்க ஒரு நாளுக்கு 8,500 யென் தருவதாகச் சொன்னது. உள்ளூர் வேட்டைக்காரர் சங்கம் முடியாது என்று மறுத்துவிட்டது. உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்கு அந்தக் கூலி கட்டாது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. 2025 செப்டம்பர் 1 முதல், குடியிருப்புப் பகுதிக்குள் நுழையும் கரடியைச் சுட நகராட்சியே அனுமதி கொடுக்கலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. சட்டம் மாறிவிட்டது, சுடுவதற்கு ஆள் வேண்டுமே என்பதுதான் அங்கே இப்போது பேச்சு.

ஒரு சாசேஜ்

ஷிரெத்தோக்கோவுக்குப் போகிறவர்களிடம் அங்குள்ளவர்கள் சொல்லும் உண்மைக் கதை ஒன்று உண்டு. 1997இல் ஓர் இளம் பெண் கரடி, தாயிடமிருந்து பிரிந்து சாலையோரம் சுற்றிக்கொண்டிருந்தது. காரில் வந்த சுற்றுப்பயணி யாரோ அதற்கு ஒரு சாசேஜைத் தூக்கிப் போட்டார். அன்பில் செய்ததாகத்தான் இருக்கும். கரடிக்குப் புரிந்தது வேறு: மனிதன் என்றால் சாப்பாடு.

அதற்குப் பிறகு அது காரைக் கண்டால் ஒதுங்கவில்லை. நெருங்கி வந்தது. விரட்டினார்கள், வெடிச்சத்தம் எழுப்பிப் பார்த்தார்கள். பலனில்லை. அடுத்த ஆண்டு பள்ளி ஒன்றின் அருகே மானின் உடலைத் தின்றுகொண்டிருந்தபோது அதைச் சுட்டுக்கொன்றார்கள். குழந்தைகள் வரும் இடம், வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கரடிக்குப் பூங்கா ஊழியர்கள் வைத்த செல்லப் பெயர், 'சாசேஜ்'.

2022 ஏப்ரல் முதல் ஜப்பானின் தேசியப் பூங்காக்களில் கரடிக்கு உணவு கொடுப்பதும் வேண்டுமென்றே நெருங்கிப் போவதும் குற்றம். அபராதம் 3 லட்சம் யென் வரை. சிங்கப்பூரிலும் குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் இருக்கிறது. ஆனாலும் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. சைவச் சாப்பாடு கிடைக்காதே என்று சப்பாத்தி, தக்காளித் தொக்கு, ஊறுகாய், முறுக்கு என்று பையை நிரப்பிக்கொண்டு போகிறோம். தப்பில்லை, எங்கள் வீட்டிலும் அதுதான். மலைப்பாதையில் நடக்கும்போது அதை இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். மிச்சத்தையும் காகிதத்தையும் திரும்ப எடுத்து வாருங்கள். கூடாரத்துக்குள் சாப்பாட்டை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். 2020 ஆகஸ்ட்டில் கமிகோச்சியின் முகாம் ஒன்றில் கரடி கூடாரத்தைக் கிழித்து, உள்ளே இருந்த பெண்ணைக் காயப்படுத்தியது. அது தேடி வந்தது உணவைத்தான். கரடியின் மூக்கு நாயின் மூக்கைவிடக் கூர்மை.

கரடிக்கு உங்கள் வருகையைச் சொல்லுங்கள்

பெரும்பாலான தாக்குதல்கள் கரடி திடுக்கிடுவதால் நடப்பவை. வளைவில் திரும்பினால் பத்தடியில் கரடி. அதற்கும் அதிர்ச்சி, உங்களுக்கும் அதிர்ச்சி. குட்டி கூட இருந்தால் தாய் யோசிக்காது.

2025 ஆகஸ்ட் 14ஆம் தேதி ஷிரெத்தோக்கோவின் ராவுசு மலையில் இருபதுகளில் இருந்த இளைஞர் கொல்லப்பட்டார். நண்பரோடு ஏறியவர், இறங்கும்போது நண்பரைவிட்டு முன்னால் வேகமாக வந்திருக்கிறார். பாதை குறுகல், எதிரே வருவது தெரியாத இடம். அந்தக் கரடியோடு இரண்டு குட்டிகள் இருந்தன. நம் பாட்டி கதையின் நீதி இந்த ஒரு விஷயத்தில் ரொம்பச் சரி. நண்பனை விட்டுவிட்டுப் போகாதே. கூட்டமாகப் பேசிக்கொண்டு நடப்பவர்களைக் கரடி தூரத்திலேயே கேட்டுவிட்டு விலகிப் போகும்.

மலையேறும் ஜப்பானியர்கள் பையில் சிறு மணி கட்டியிருப்பார்கள். அங்கே விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும், ரயிலில் ஏறும்போது சத்தம் வராமல் நிறுத்திவைக்கும் வசதியோடுகூட வரும். வாங்கிக் கட்டுங்கள். ஆனால் ஆற்றோரத்திலும் பலத்த காற்றிலும் மணிச்சத்தம் அமுங்கிவிடும். அங்கே கை தட்டுங்கள், சத்தமாகப் பேசுங்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். அதிகாலையும் அந்தி நேரமும் கரடி அதிகம் நடமாடும் வேளை. பள்ளி விடுமுறை மாதமான ஜூனும் அவ்வளவு அமைதியான மாதமல்ல. அது கரடிகள் இணைசேரும் பருவம். தாயைப் பிரிந்த இளம் கரடிகள் இடம் தேடி அலைவதும் அப்போதுதான்.

சில இடங்களில் ஏற்பாடுகள் மிக நன்றாக இருக்கின்றன. ஷிரெத்தோக்கோவின் ஐந்து ஏரிகள் பகுதியில் மே 10 முதல் ஜூலை 31 வரை தரைப்பாதையில் பதிவுபெற்ற வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். மின்வேலி போட்ட உயர்ந்த மரப்பாலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். வயதானவர்களோடும் பிள்ளைகளோடும் போகிறவர்களுக்கு அந்தப் பாலமே போதும். காட்சி ஒன்றும் குறைவில்லை.

'குமா' என்றால் ஜப்பானிய மொழியில் கரடி. அந்தச் சொல் காதில் விழுந்தாலோ, கரடி படம் போட்ட மஞ்சள் பலகை பாதையில் நின்றாலோ, தாண்டிப் போகுமுன் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். பாதையை மூடியிருந்தால் மூடியதுதான். "ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடுறேன்" கூடாது.

பார்த்துவிட்டீர்கள். இப்போது?

முதலில் நம்முடைய ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் நீர்நாயைக் கண்டால் நமக்குக் கை தானாகக் கைத்தொலைபேசிக்குப் போகும். பீஷானில் அது பரவாயில்லை. கரடி விஷயத்தில் முதல் சில விநாடிகள்தான் முக்கியம். அந்த நேரத்தைக் காணொளிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கரடி தூரத்தில் இருக்கிறது, உங்களைக் கவனிக்கவில்லை என்றால், சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். கவனித்துவிட்டது என்றால், அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னால் நகருங்கள். திரும்பி முதுகைக் காட்டக் கூடாது, அலறக் கூடாது, கல்லெறியக் கூடாது. பிள்ளைகளைக் கையைப் பிடித்து உங்களோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் மரமோ பாறையோ வருமாறு நகர முடிந்தால் இன்னும் நல்லது.

ஓடக் கூடாது. இது ஒன்று மட்டும் மனத்தில் நின்றால்கூடப் போதும். கரடி பார்க்கத்தான் தொப்பையும் தளர்நடையுமாக இருக்கும். ஓட ஆரம்பித்தால் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகும். உசேன் போல்ட்டின் உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் வரும் வேகம் அது, அதுவும் மேடு பள்ளத்தில். தவிர, ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு.

மரத்தில் ஏறலாமா? கதையில் வரும் முதல் நண்பன் தப்பித்தது கதை என்பதால்தான். கறுப்புக் கரடி கொட்டை தின்ன மரத்தின் உச்சிக்கே போகும். உங்களைவிட நன்றாக ஏறும்.

உடனே படுத்துக்கொள்ளலாமா? கூடாது. கரடி இருபது மீட்டரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது செத்ததுபோல் படுப்பது அதை அருகே வந்து சோதிக்கச் சொல்லி அழைப்பதுபோல் ஆகிவிடும். நின்றபடி விலகுவதுதான் முதல் வேலை. சில சமயம் கரடி வேகமாக ஓடிவந்து, சில மீட்டர் முன்னால் நின்று, திரும்பிப் போகும். அது மிரட்டல். நெஞ்சு வாய்க்கு வந்துவிடும்தான், ஆனால் அப்போதும் ஓடாமல் நிற்பவர்களுக்குத்தான் தப்பிக்க வாய்ப்பு.

பாய்ந்தே விட்டால்

படுப்பதற்கான நேரம் இதுதான். அதுவும் கதையில் வருவதுபோல் மல்லாந்து அல்ல. குப்புற.

குப்புறப் படுத்து, முகத்தையும் வயிற்றையும் தரையோடு அழுத்திக்கொள்ளுங்கள். இரு கைகளையும் பின்கழுத்தில் கோத்து, முழங்கைகளால் முகத்தின் இரு பக்கங்களையும் மறையுங்கள். கால்களைச் சற்று அகட்டி வைத்தால் எளிதில் புரட்ட முடியாது. புரட்டிவிட்டால் உருண்டு மறுபடி குப்புற வாருங்கள். முதுகுப்பையைக் கழற்றாதீர்கள், அதுதான் உங்கள் கவசம். கரடி போய்விட்டது என்று உறுதியாகும்வரை எழக்கூடாது.

ஏன் இவ்வளவு முகத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றால், கறுப்புக் கரடி எழுந்து நின்று முன்னங்கால் நகங்களால் அறையும்போது அது படுவது பெரும்பாலும் மனிதனின் முகத்தில்தான். அகிதா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முகத்தில்தான் காயம். கண் இழந்தவர்கள் உண்டு, மூக்கையும் தாடையையும் திரும்பக் கட்ட வேண்டியிருந்தவர்கள் உண்டு. 2023இல் அகிதா வட்டாரத்தில் தாக்கப்பட்ட 70 பேரை அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, குப்புறப் படுத்துக் கழுத்தை மறைத்தவர்கள் சிலரே இருந்தார்கள். அந்தச் சிலரில் ஒருவருக்கும் கடுமையான காயம் இல்லை. உயிர் பிழைப்பது மட்டும் இல்லை, எந்த முகத்தோடு பிழைப்பது என்பதும் அந்த விநாடியில் முடிவாகிறது.

இணையத்தில் தேடினால் "கறுப்புக் கரடி என்றால் திருப்பி அடி, பழுப்புக் கரடி என்றால் படுத்துக்கொள்" என்ற அறிவுரை ஆங்கிலத்தில் நிறைய வரும். அது வட அமெரிக்காவுக்குச் சொன்னது. அங்குள்ள அமெரிக்கக் கறுப்புக் கரடி வேறு இனம், பெரும்பாலும் பயந்த சுபாவம். ஜப்பானில் இருப்பது ஆசியக் கறுப்புக் கரடி. நிறத்தை மட்டும் பார்த்து அங்கிருந்து பாடம் எடுத்துவரக் கூடாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. கரடி உங்களை இரையாகவே நினைத்துவிட்டால், அதாவது விடாமல் பின்தொடர்ந்தால், கூடாரத்துக்குள் வந்தால், கடிப்பதை நிறுத்தாவிட்டால், அப்போது கையில் கிடைத்ததைக் கொண்டு மூக்கிலும் கண்ணிலும் அடித்துப் போராட வேண்டியதுதான். அப்படி நடப்பது அபூர்வம்.

மிளகாய்த் தெளிப்பான் வாங்கலாமா?

கரடி நடமாடும் மலையில் பல மணி நேரம் நடக்கப் போகிறீர்கள் என்றால், வாங்கலாம். ஆனால் இங்கிருந்து கொண்டுபோக முடியாது. கைப்பையிலும் கூடாது, ஒப்படைக்கும் பெட்டியிலும் கூடாது. திரும்பும்போதும் அதே விதி. அங்கேயே வாடகைக்கு எடுப்பது வசதி. ஷிரெத்தோக்கோவின் வருகையாளர் மையம் போன்ற இடங்களில் கிடைக்கும், பயன்படுத்தும் முறையையும் சொல்லித் தருவார்கள்.

அது மிளகாய்க் காரத்தை மேகம்போல் வீசும் குப்பி. சில விநாடிகளில் தீர்ந்துவிடும். ஐந்து மீட்டர் அளவுக்குக் கரடி வந்தபிறகுதான் முகத்தைக் குறிபார்த்து அடிக்க வேண்டும். காற்று எதிரே அடித்தால் உங்கள் கண்ணிலேயே விழும். பைக்குள் அடியில் வைத்திருந்தால் அது இல்லாததற்குச் சமம், இடுப்பிலோ பையின் தோள்வாரிலோ மாட்டியிருக்க வேண்டும். கொசு மருந்துபோல் உடம்பில் அடித்துக்கொண்டவர்களும் உண்டாம், சிரிக்காதீர்கள். அது விரட்டும் மருந்து இல்லை.

நகரத்தில் தங்கினால்

வடகிழக்கு நகரங்களில் சில கடைகள் தானியங்கிக் கதவை நிறுத்திவிட்டு, கையால் தள்ளித் திறக்கும்படி மாற்றின. கரடி கதவு முன் நின்றால்கூடத் திறந்துவிடுகிறதே! விடுதியில் அப்படி ஓர் அறிவிப்பைக் கண்டால் கதவைத் திறந்தே விட்டுப் போகாதீர்கள். அதிகாலை மெதுவோட்டத்தை இந்த ஒரு பயணத்தில் தள்ளி வைக்கலாம். தெருவில் கரடியைப் பார்த்தால் அருகிலுள்ள கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்க் கதவை மூடுங்கள். காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119.

உள்ளூர் நகராட்சிகள் கரடி தென்பட்ட இடங்களை வரைபடமாக இணையத்தில் போடுகின்றன. ஜப்பானிய மொழியில் இருந்தாலும் கைத்தொலைபேசி மொழிபெயர்த்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் காணொளியைவிட அதை நம்புங்கள். சென்ற ஆண்டின் கடைசியில் செயற்கை நுண்ணறிவில் செய்த கரடிக் காணொளிகள் ஏராளமாகச் சுற்றின. பாட்டி ஒருவர் கரடிக்குப் பழம் ஊட்டுவதும், கரடி வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு போவதும் பார்க்க அவ்வளவு நிஜமாக இருந்தன. தமிழில் 'கரடி விடுவது' என்று சொல்வோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. பயமுறுத்தும் காணொளியைவிட ஆபத்தானது, கரடி சாதுவாகப் பழம் வாங்கித் தின்னும் காணொளி.

ஜோகூர் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு

மலேசியக் காட்டிலும் கரடி உண்டு. சூரியக் கரடி. உலகக் கரடிகளிலேயே சிறியது, 65 கிலோவைத் தாண்டுவது அரிது. தேன் தேடி மரமேறும், ஆளைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கும். சிறியது என்பதால் சாது என்று நினைக்க வேண்டாம், நகமும் பல்லும் உடம்புக்கு மீறியவை. 2019இல் கோலாலம்பூரின் ஓர் அடுக்குமாடி வீட்டில் சூரியக் கரடிக் குட்டி ஒன்று சன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தியது செய்தியானது. வளர்த்தவர் அதை நாய்க்குட்டி என்று நினைத்துத் தூக்கி வந்ததாகச் சொன்னார். மலேசியாவில் அது முழுப் பாதுகாப்பில் உள்ள விலங்கு. காட்டில் தனியாகக் குட்டியைப் பார்த்தால் தொடாமல் விலகி வந்துவிடுங்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

ஜூன் பயணக் கேள்வியோடு தொடங்கினேன் இல்லையா, அது என் அக்கா கேட்டது. ஹொக்கைடோ போகிறார்கள், ஷிரெத்தோக்கோவும் பட்டியலில் இருக்கிறது. ரத்து செய்யவில்லை. ஏரிக்கு மரப்பாலத்தில் மட்டும் போவதாக முடிவு. சென்ற ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பிறகு அக்கா மகனுக்குப் பள்ளிப் பையை மாட்டிவிட்டு, வரவேற்பறைத் தரையில் குப்புறப் படுத்துப் பழகச் சொன்னோம். ஏழு வயது. கையைக் கழுத்தில் கோத்தது சரி, முழங்கையும் சரி. முகத்தை மட்டும் திருப்பி, கரடி போயிடுச்சா என்று பார்த்துச் சிரித்தான். இன்னொரு தடவை செய்யச் சொன்னோம்.